எந்த ஆசனம் பத்திரம்?

ரயிலில் எதிரும் புதிருமாகப் போட்டிருக்கிறார்களே ஆசனங்கள், அவற்றில் வண்டி போகும் திசையைப் பார்த்த ஆசனந்தான் முதலில் நிரம்புகிறது. கவனித்திருக்கிறீர்களா? பின்னால் ஓடும் மரங்களையும் தந்திக் கம்பங்களையும் பார்த்துக்கொண்டு போவதென்றால் சிலருக்குத் தலை சுற்றும்; சிலருக்கு வயிற்றைப் புரட்டும்; ஒன்றும் செய்யாதவர்களுக்குக்கூட ஏதோ நஷ்டப்பட்டுவிட்டதைப் போல் இருக்கும். "நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துவிடேன், எனக்கு ஆகாது" என்று மாமியார் சொன்னால், மருமகள் பேசாமல் எழுந்து எதிர்ப் பக்கம் போவதுதான் நம் வீட்டு வழக்கம்.

யாரும் விரும்பாத அந்தப் பின்பக்கம் பார்த்த ஆசனந்தான், ஆகாய விமானத்தில் மிகவும் பத்திரமானது என்று எழுபது வருஷங்களுக்கு முன்பே நிரூபித்துவிட்டார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? நிரூபித்தார்கள். இருந்தும் உலகத்து விமானங்களில் ஏறக்குறைய எல்லா ஆசனங்களும் முன்பக்கம் பார்த்தே இருக்கின்றன. இது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பத்திரிகை ஆபீஸில் வேலை செய்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று உறவினர்களுக்கு ஓர் எண்ணம். 2025-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் 241 பேர் மாண்டுபோனார்கள் அல்லவா? தப்பியவர் ஒரே ஒருவர். அவர் உட்கார்ந்திருந்தது '11ஏ' என்ற ஆசனம் என்று செய்தி வந்த மறுநாளே எனக்கு மூன்று டெலிபோன் அழைப்புகள். "பெண்ணைப் பார்க்கப் போகிறேன், பதினொன்றாம் நம்பர் கேட்டு வாங்கட்டுமா?" என்றார் ஒரு பெரியப்பா. எண் சாஸ்திரமும் விமான சாஸ்திரமும் அவருக்கு ஒன்றாகிவிட்டன!

நம்பரில் என்ன இருக்கிறது? ஒரு விமானத்தில் பதினொன்றாம் வரிசை அவசரக் கதவை ஒட்டி இருக்கும். இன்னொன்றில் அதற்கும் கதவுக்கும் சம்பந்தமே இருக்காது. சரி, நம்பர் வேண்டாம். 'பின்னால் உட்கார்ந்தால் பத்திரம்' என்கிறார்களே, அதாவது உண்மையா?

ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி ஜப்பானில் ஒரு ஜம்போ விமானம் மலையில் மோதியது. 524 பேரில் பிழைத்தவர்கள் நான்கே பேர். நால்வரும் பெண்கள், நால்வரும் விமானத்தின் பின்பகுதியில் இருந்தவர்கள். 2024 டிசம்பர் 29-ஆம் தேதி தென் கொரியாவில் முவான் விமான நிலையத்தில் நடந்த விபத்திலும், 181 பேரில் தப்பிய இரண்டு பணியாளர்கள் வால் பக்கத்தில் இருந்தவர்களே.

ஆனால் இன்னொரு கதையையும் கேளுங்கள். 1958 பிப்ரவரி 6-ஆம் தேதி, ஜெர்மனியில் ம்யூனிக் நகரம். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. விமானம் இரண்டு தடவை கிளம்பப் பார்த்து முடியாமல் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை கிளம்புவதற்கு முன், டாமி டெய்லர், டேவிட் பெக் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள், 'பின்னால் போய் உட்கார்ந்தால் பத்திரம்' என்று நினைத்தார்கள். பாபி சார்ல்ட்டனும் டென்னிஸ் வயலெட்டும் அவர்களோடு இடம் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஓடு பாதையில் தேங்கிய பனிச் சேற்றினால் விமானம் எழும்ப முடியாமல் மோதியது. 44 பேரில் 23 பேர் மாண்டார்கள். பின்னால் போன அந்த இருவரும் அதில் அடக்கம். முன்னால் வந்த இருவரும் பிழைத்தார்கள். சார்ல்ட்டன் பிறகு 1966-இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்த குழுவில் ஆடி, 2023 வரை வாழ்ந்தார்.

விபத்து எந்தப் பக்கமாக வரும் என்று அது நமக்குத் தந்தி அடித்துவிட்டு வருவதில்லை. ஆகையால் 'எங்கே உட்காருவது?' என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, 'எப்படி உட்காருவது?' என்று கேட்ட ஒரு மனிதரைப் பார்க்கலாம்.

★

அவர் பெயர் ஜான் பால் ஸ்டாப். அமெரிக்க விமானப் படையின் டாக்டர். விமானம் மோதும்போது மனிதன் சாவது மோதலினாலா, அல்லது ஆசனமும் பட்டியும் சரியாக இல்லாததினாலா என்பது அவருடைய சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க அவர் பிறரைத் தேடவில்லை. பாலைவனத்தில் தண்டவாளம் போட்டு, அதன் மேல் ராக்கெட்டுகள் பூட்டிய ஒரு சறுக்கு வண்டியைச் செய்து, அதில் தாமே ஏறி உட்கார்ந்துகொண்டார்!

வண்டியை அசுர வேகத்தில் விட்டுச் சட்டென்று நிறுத்த வேண்டும். அப்போது உடம்பு என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் பரீட்சை. 1947 டிசம்பரில் அவருடைய முதல் சவாரி. அதில் அவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு எத்தனையோ சவாரிகள். மணிக்கட்டு முறிந்தது, விலா எலும்பு ஒடிந்தது, பல்லில் அடைத்திருந்ததெல்லாம் தெறித்து விழுந்தது. 1954 டிசம்பர் 10-ஆம் தேதி, நியூ மெக்ஸிகோவில், மணிக்கு 632 மைல் வேகத்தில் போய் ஒன்றரை விநாடிக்குள் நின்றார். உடம்பின் கனத்தைப் போல் 46 மடங்கு பாரம் அவரை அழுத்தியது. அறுபது கிலோ உள்ள ஒருவரை அந்தக் கணத்தில் தராசில் நிறுத்தியிருந்தால் இரண்டே முக்கால் டன் காட்டியிருக்கும்! அன்று அவர் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்களில் ரத்தம் கட்டி, சிறிது நேரம் பார்வையே இல்லாமல் போய், நல்லவேளையாகத் திரும்பி வந்தது. இத்தனைக்கும் பிறகு அந்த மனிதர் 89 வயது வரை இருந்து 1999-இல்தான் காலமானார்.

ஸ்டாப் கண்ட முடிவு இதுதான்: முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தவனை மோதலின்போது பிடித்து வைப்பது இடுப்பில் இருக்கும் இரண்டங்குலப் பட்டி ஒன்றுதான். இடுப்பு நிற்கும், தலையும் கையும் காலும் நிற்காது. உடம்பு மடக்குக் கத்தியைப் போல் மடிந்து, தலை முன்னால் போய் மோதும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவனுக்கோ அதே அடி, பிடரி முதல் இடுப்பு வரை ஆசனத்தின் முதுகு முழுவதிலும் பரவிவிடுகிறது. கையில் குத்தினால் வலிக்கிறது. தலையணையில் சாய்ந்துகொண்டால் வலிப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைக் கேட்டு ராணுவத்தார் காரியம் செய்தார்கள். அமெரிக்க ராணுவப் போக்குவரத்து விமானங்கள் பலவற்றில் ஆசனங்களைத் திருப்பிப் போட்டார்கள். பிரிட்டிஷ் விமானப் படையும் அப்படியே செய்தது. 2013-இல் ஓய்வு பெற்ற அவர்களுடைய வி.ஸி.10 விமானங்களில் சிப்பாய்கள் கடைசி வரை பின்பக்கம் பார்த்தே பறந்தார்கள். சிப்பாய்க்குத் தலை சுற்றினால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. டிக்கெட் வாங்குகிறவருக்குத் தலை சுற்றினால் அடுத்த தடவை வேறு கம்பெனிக்குப் போய்விடுவாரே! விமானக் கம்பெனிகளுக்கும் இந்த முடிவுகள் தெரிவிக்கப்பட்டன. கேட்டுக்கொண்டார்கள், அதோடு சரி.

அவர்களை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் ஒரு குட்டை ஸ்டூலைத் தள்ளிப் பாருங்கள். நகருமே தவிர விழாது. உயரமான பீரோவின் மேல்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினால்? அடி பெயர்ந்துவிடும். முன்பக்கம் பார்த்த ஆசனத்தில் பிரயாணியின் பாரம் இடுப்பு மட்டத்தில், தரைக்குப் பக்கத்தில் விழுகிறது. பின்பக்கம் பார்த்த ஆசனத்தில் அது முதுகின் உயரத்தில் விழுகிறது. அதைத் தாங்க ஆசனம் பலமாக இருக்க வேண்டும். ஆசனத்தைத் தாங்கும் தரையும் பலமாக இருக்க வேண்டும். பலம் என்றால் கனம். கனம் என்றால் எண்ணெய்ச் செலவு. தவிர, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பின்பக்கம் பார்த்தவர் பட்டியில் தொங்குவார். மோதும்போது பறந்து வரும் சாமான்கள் அவர் முகத்துக்கு நேரே வரும். இப்படியும் சில ஆட்சேபங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாயிரமாவது வருஷத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனி தன் உயர்ந்த வகுப்பில் பாதி ஆசனங்களைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டது. பத்திரத்துக்காகவா? இல்லை. கட்டிலாக நீளும் ஆசனங்களை ஒன்றுக்கொன்று தலைமாறி வைத்தால் அதிகப் படுக்கைகள் கொள்ளும் என்பதற்காக! பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேரை ஒரே பாயில் தலைமாற்றிப் படுக்க வைக்கிறோமே, அந்தக் கணக்கு. 2019 முதல் அதையும் மாற்றி, எல்லோரும் முன்பக்கம் பார்க்கும் ஆசனங்களைக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆசனம் திரும்பாவிட்டாலும் வேறு வகையில் சீர்திருந்தியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் உடம்பின் கனத்தைப் போல் 9 மடங்கு பாரத்தை ஆசனம் தாங்கினால் போதும் என்று விதி. 1988-இல் அமெரிக்காவில் புதிய வகை விமானங்களுக்கு அதை 16 மடங்காக்கி, மனிதப் பொம்மையை உட்கார வைத்து மோதிக் காட்ட வேண்டும் என்றார்கள். 2009 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் பெரிய பிரயாணி விமானங்கள் எல்லாவற்றுக்குமே அங்கே அந்த விதிதான். உங்களுக்கு முன்னால் இருக்கும் ஆசனத்தின் முதுகு, உங்கள் தலை வந்து மோதினால் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும்படி செய்யப்பட்டது. "சாப்பாட்டுத் தட்டை மடியுங்கள், ஆசனத்தை நிமிர்த்துங்கள்" என்று பணிப்பெண் வந்து சொல்வது நம்மைப் படுத்துவதற்காக அல்ல.

★

சென்ற வருஷம் டில்லிக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது எனக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது. எதிரே, கதவை ஒட்டி மடிந்திருந்த சின்ன ஆசனத்தைத் திறந்து, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள் பணிப்பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் மட்டுமல்ல, இரண்டு தோளிலும் பட்டி. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய முதுகு விமானத்தின் மூக்கைப் பார்த்து இருந்தது. ஸ்டாப் சொன்னாரே, அதே ஆசனம்! பிரயாணிகள் மேல் கண் வைத்திருப்பதற்காக அப்படிப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் விமானத்தின் மிகப் பத்திரமான ஆசனங்களில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

விமானம் ஓடத் தொடங்கியது. அவள் ஏதோ ஜபம் செய்கிறவளைப் போல் மௌனமாக இருந்தாள். மேலே ஏறியபின், "பிரார்த்தனையா அம்மா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "இல்லை மேடம். இப்போ ஏதாவது ஆனால் என்ன செய்யணும், எந்தக் கதவு, எப்படித் திறக்கணும்னு மனசுக்குள்ளே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துப்போம். ஏறும்போதும் இறங்கும்போதும், எல்லாரும் செய்யணும்."

அவள் தினமும் நான்கு தடவை செய்கிற காரியத்தை நாம் ஒரு தடவையாவது செய்கிறோமா?

கதவு என்றதும் 1985 ஆகஸ்டு 22 நினைவுக்கு வருகிறது. மான்செஸ்டர் விமான நிலையம். 137 பேருடன் கிளம்பிய ஒரு விமானம், எஞ்சினில் வெடிப்பு ஏற்பட்டு, தரையை விட்டு எழும்பாமலே நின்றுவிட்டது. மோதல் ஏதும் இல்லை. ஆனாலும் 55 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் புகையினால். முன்பக்கத்துக் கதவுகளுக்குப் போகும் வழி, இரண்டு தடுப்புகளுக்கு நடுவே இரண்டடிக்கும் குறைவான சந்து. இறக்கைமேல் திறக்கும் கதவை ஒட்டியும் ஆசனம் போட்டிருந்தார்கள். அந்தக் கதவோ இருபது கிலோவுக்கு மேல் கனம்.

அதன் பிறகு ஹெலன் ம்யூர் என்ற பெண் விஞ்ஞானி, இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டில், நின்றிருந்த விமானத்தில் தொண்டர்களை உட்கார வைத்து இறங்கச் சொன்னார். எல்லோரும் மரியாதையாக, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். உண்மை விபத்தில் இப்படியா நடக்கும்? ம்யூர் ஓர் உபாயம் செய்தார். "முதலில் இறங்கும் பாதிப் பேருக்கு ஐந்து பவுன் பரிசு" என்றார். அவ்வளவுதான்! ஆசனங்களின் மேல் ஏறிக் குதித்தார்கள். கதவடியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வழியை அடைத்தார்கள். வழி எவ்வளவு அகலம் இருந்தால் அடைபடாது, கதவுப் பக்கத்து வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடம் வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஐந்து பவுன் சொல்லிக் கொடுத்தது. இன்று விமானத் தரையோரத்தில் வழிகாட்டும் விளக்குகளும், சீக்கிரம் தீப்பிடிக்காத ஆசன உறைகளும், கதவுக்கருகே விசாலமான இடமும் இருக்கின்றன என்றால், அந்த நாட்களில் இறந்தவர்கள் நமக்கு விட்டுப் போனவை அவை.

இன்னொரு விதியும் உண்டு. புது வகைப் பெரிய பிரயாணி விமானம் என்றால், பாதிக் கதவுகளை மூடிவிட்டு, இருட்டில், 90 விநாடிக்குள் எல்லோரையும் இறக்கிக் காட்ட வேண்டும். 2006 மார்ச் 26-ஆம் தேதி ஹாம்பர்க்கில் இரட்டை மாடி விமானமான ஏ380 பரீட்சைக்கு வந்தது. 853 பிரயாணிகளும் 20 பணியாளர்களும் 78 விநாடியில் இறங்கிவிட்டார்கள்! ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி எழுந்திருக்கவே அதைவிட அதிக நேரம் ஆகுமே!

நிஜத்தில் இப்படி நடக்குமா என்கிறீர்களா? நடந்தது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹனேதா நிலையத்தில், இறங்கிய விமானம் ஓடு பாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்தின்மேல் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தது பெரும் துயரம். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரில் ஒருவர்கூட உள்ளே சிக்கவில்லை. எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. ஆனால் பிரயாணிகள் பைகளை எடுக்க நிற்கவில்லை.

2016 ஆகஸ்டு 3-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் போன விமானம் ஓடு பாதையில் விழுந்து தீப்பிடித்தபோது, பலர் மேலே இருந்த பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். 300 பேரும் பிழைத்தது தெய்வாதீனம். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் உயிரிழந்தார். வருஷக் கணக்கில் பாடுபட்டுச் சேர்த்தது பைக்குள் இருக்கிறது. விட மனம் வராதுதான். ஆனால் ஒரு பை இறங்கும் நேரத்தில், பின்னால் நிற்கும் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை புகையைக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அந்த 90 விநாடி விதியில் ஒரு சின்னச் சங்கதி உண்டு. படித்தபோது என் கண் அங்கேயே நின்றுவிட்டது. பரீட்சைக்கு வருகிறவர்களில் இத்தனை பேர் பெண்கள், இத்தனை பேர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் என்றெல்லாம் கணக்குச் சொல்லிவிட்டு, கைக்குழந்தைகளுக்குப் பதிலாக மூன்று பொம்மைகளைப் பிரயாணிகள் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்கிறது விதி. ஆசனக் கணக்கில் அந்தப் பொம்மைகள் சேர்த்தி இல்லை.

★

ஆசனக் கணக்கில் சேராத அந்தக் குழந்தை எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் தங்கையின் பெண். எட்டு மாதம். தங்கையின் கணவருக்குக் கனடாவில் வேலை. தாயும் சேயுமாகப் புறப்பட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்; கட்டணமும் சொற்பம். தனி ஆசனம் என்றால் நல்ல தொகை.

"ஏன் அக்கா, இந்தத் துளியூண்டுக்கு என்னத்துக்குத் தனி ஸீட்டு? என் மடியைவிடப் பத்திரமான இடம் உலகத்திலே உண்டா?" என்றாள் தங்கை.

அம்மாவும் அவள் கட்சி. "உங்களையெல்லாம் மடியிலே வைத்துக்கொண்டுதானே வளர்த்தேன்?" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? நமக்கு மடி என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. காய்ச்சலுக்கும் மடி, பயத்துக்கும் மடி, தூக்கத்துக்கும் மடி. ஆனால் கணக்கு மடியைப் பார்ப்பதில்லை. குழந்தை பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 மடங்கு என்றால் 160 கிலோ. அதாவது இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஆறுக்கும் மேல். கண் மூடித் திறப்பதற்குள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும் அந்தப் பாரத்தை எந்தத் தாயின் கை பிடித்து நிறுத்தும்?

அவர்களுக்கு ஜான் பிரவுன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையைச் சொன்னேன். 1989 ஜூலை 19-ஆம் தேதி டென்வரிலிருந்து சிகாகோ சென்ற விமானத்தில் அவர் தலைமைப் பணிப்பெண். நடு வானில் வால் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் சாதனங்கள் எல்லாம் செயலற்றுப் போயின. ஸூ சிட்டி என்ற ஊரில் எப்படியாவது இறக்கிவிட விமானிகள் முக்கால் மணி நேரம் போராடினார்கள். மடியில் நான்கு குழந்தைகள். அன்றிருந்த வழிமுறைப்படி, குழந்தைகளைத் துணி சுற்றித் தரையில், காலடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் ஜான் பிரவுன். 296 பேரில் 112 பேர் மாண்டார்கள். அந்த நான்கு குழந்தைகளில் ஒன்று போய்விட்டது. வெளியே வந்த தாய், எரியும் விமானத்துக்குள் மறுபடி போகப் பார்த்தாள். தடுத்து நிறுத்தியவர் ஜான் பிரவுன். தரையில் வைக்கச் சொன்னது நீதானே என்று அந்தத் தாய் கேட்டதை அவர் மறக்கவே இல்லை. குழந்தைக்கும் தனி ஆசனமும் பட்டியும் வேண்டும் என்று பல பத்து ஆண்டுகள் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். விபத்துகளை ஆராயும் அமெரிக்கக் குழுவும் அதையே சிபாரிசு செய்தது.

சட்டம் வரவில்லை. தனி டிக்கெட் கட்டாயம் என்றால் ஏழைப் பெற்றோர்கள் விமானத்தை விட்டுக் காரில் போவார்கள். சாலையில் இன்னும் அதிகக் குழந்தைகள் சாகும் என்று 2005-இல் விமான இலாகா சொல்லிவிட்டது. அந்த வாதத்திலும் அர்த்தம் இருக்கிறது. யாருடைய கைப்பணத்தையும் நாம் அறியோம்.

காரிலே நடப்பதைப் பாருங்கள். 1964-இல் ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற டாக்டர், விண்வெளிக்குப் போகிறவர்கள் முதுகில் பாரத்தைத் தாங்கிப் படுத்திருப்பதைக் கண்டு, குழந்தைகளுக்குப் பின்பக்கம் பார்த்த கார் ஆசனம் செய்தார். குழந்தைக்குத் தலை பெரிது. உடம்பின் நீளத்தில் கால் பங்கு தலைதான். கழுத்தோ பிஞ்சு. ஆகையால் முதுகு காட்டி உட்கார வைப்பதே உத்தமம். இன்று தங்கை போகிற ஒண்டேரியோவில் சிசுக்களைக் காரில் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. "அங்கே இறங்கியதும் கடைத் தெருவுக்குப் போக இத்தனை பாதுகாப்பு, அதற்கு முன் எட்டாயிரம் மைலுக்கு வெறும் மடியா?" என்று கேட்டேன்.

நம் நாட்டு விமானங்களில் தாயின் பட்டியோடு கோக்கும் ஒரு குட்டிப் பட்டி தருகிறார்கள். அது குழந்தை பறந்து போகாமல் தடுக்கும். ஆனால் தாயின் உடம்பு முன்னால் மடியும்போது குழந்தை நடுவில் அகப்பட்டுக்கொள்ளும் என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அதை அமெரிக்காவில் அனுமதிப்பதில்லை. தொட்டில் கேட்டு வாங்கினாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் குலுங்கும்போதும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு நடந்தது. கடைசியில் அப்பா கணக்குப் பார்த்தார். பயணத்தை இரண்டு வாரம் தள்ளினால் கட்டணம் குறைகிறது என்று கண்டுபிடித்தார். அம்மா, ஆண்டு நிறைவுக்குக் குழந்தைக்கு வளையல் செய்ய வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். "வளையல் அப்புறம் பண்ணலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதி, எந்தக் குழந்தை ஆசனத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டு, ஜன்னலோரத்தில் பின்பக்கம் பார்த்தபடி வைத்துக் கட்டினார்கள். குழந்தை முதல் மூன்று மணி நேரம் அழுது விமானத்தையே இரண்டாக்கிவிட்டது என்றும், பிறகு தூங்கியது என்றும் தங்கை எழுதினாள்.

வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? பக்கத்து ஆசனம் காலியாக இருந்தால் அதைக் குழந்தைக்குத் தர முடியுமா என்று ஏறும்போதே கேளுங்கள். உங்கள் பட்டிக்குள் குழந்தையையும் சேர்த்து ஒருபோதும் பூட்டாதீர்கள்.

பெரியவர்களுக்கும் சில வார்த்தை. வானம் தெளிந்திருந்தாலும் பட்டியை அவிழ்க்காதீர்கள். 2024 மே 21-ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மர் மேல் திடீரென்று குலுங்கியதில் ஒருவர் இறந்தார், ஏராளமானோர் காயமடைந்தனர். ஆபத்து என்று குரல் கொடுத்தால் குனிந்து, தலையை முன் ஆசனத்தில் பதித்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். குதிகால் உயர்ந்த செருப்பைச் சறுக்குப் பாதையில் இறங்குமுன் கழற்றிவிடுங்கள். மேலும், பயந்து சாகாதீர்கள். 1983 முதல் 2000 வரை அமெரிக்க விமானக் கம்பெனிகளின் விபத்துகளை எல்லாம் ஆராய்ந்ததில், அவற்றில் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். 'விழுந்தால் எல்லாம் போச்சு' என்பது சரியல்ல. அப்படி நினைக்கிறவர்கள்தான் கதவைப் பார்த்து வைப்பதில்லை.

அடுத்த தடவை விமானம் ஏறினால், உட்கார்ந்ததும் முன்னால் இருக்கும் கதவு எத்தனையாவது வரிசை, பின்னால் இருப்பது எத்தனையாவது வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது. கை தடவி எண்ணத்தான் முடியும். பக்கத்தில் இருப்பவரிடமும் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். இந்த அம்மாளுக்குப் பைத்தியம் என்று அவர் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்!